கார்த்திகைக்கு நீலம்

எங்கள் வீட்டு முன்னறையில் மொத்தம் ஒன்பது படங்கள் மாட்டியிருந்தன. சாமி படங்கள் ஐந்து, கல்யாணப் படங்கள் இரண்டு, பேத்தி பரிசு வாங்கும் படம் ஒன்று, என் மாமனார் ஒன்று. பத்தாவதாக ஓர் ஆணி மட்டும் வெறுமனே நின்றது. கடிகாரம் மாட்டியிருந்த ஆணி அது. மூடுபனியில் ஈரம் ஏறிக் கடிகாரம் நின்றுபோன பிறகு காலியாகவே கிடந்தது. போன ஐப்பசியில் என் மனைவி அந்த ஆணியைக் காட்டித்தான் தீர்ப்புச் சொன்னாள். மாசி முடிவதற்குள் அங்கே மாட்டத் தகுந்ததாக ஒரே ஒரு நட்சத்திரப் படம் நான் செய்து காட்ட வேண்டும். தகுந்ததா இல்லையா என்பதை அவள் சொல்வாள். தவறினால் என் தொலைநோக்கி ஓட்டல்காரருக்குப் போய்விடும்.

ஓட்டல்காரர் சேலத்திலிருந்து மலைக்கு வந்தவர். ஒண்டிக்கடைப் பக்கம் பதினோரு அறைகள் கட்டி நடத்துகிறார். என்னைவிட இருபது வயது இளையவர். என் மனைவி வறுத்து அரைக்கும் காப்பித்தூள்தான் அவர் ஓட்டலுக்குப் போகிறது என்பதால் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். வந்தால் தூளை வாங்குவதற்கு முன்னால் தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கரடியூர் காட்சிமுனையில் அதை நிறுத்தி வைத்தால் தன் விருந்தாளிகளுக்குப் பொழுது போகும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம்.

"வானத்துல என்னங்க இருக்குது ரைட்டரே, இருட்டுதானுங்க? கரடியூர்ல வெச்சா கீழ போற பஸ்ஸோட நெம்பர் தெரியுமுங்க" என்பார்.

பஸ்ஸின் எண்ணைப் பார்க்கப் பஸ் நிறுத்தத்துக்குப் போனால் போதும் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். ஆனால் ஆசையை விடமாட்டார்.

மனைவி அவர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நான்தான். ஏற்காட்டில் கண்ணாடி எதுவாக இருந்தாலும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மகள் அன்பாக வாங்கித் தந்த தொலைநோக்கியில் பூஞ்சை பிடித்தால் நான் என்ன செய்வேன்? அதனால் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, தொலைநோக்கியையும் கேமராவையும் அந்தச் சூட்டில் வைத்தேன். பல்பு எரிகிறதா என்று எழுந்து பார்ப்பேன். பல்பு எரிந்தால், சூடு அதிகமாகிவிட்டதோ என்று எழுந்து பார்ப்பேன். அவளுடைய பதினேழு புடவைகள் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. "அது இந்த ஊட்டுல இருக்கற வரைக்கும் நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க உட மாட்டீங்க" என்றாள்.

நாகலூருக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தவன் நான். எஸ்டேட் ரைட்டர் என்றால் ஆள் கணக்கு, பழக் கணக்கு, மழைக் கணக்கு எல்லாம் அவன் தலையில். அதற்கு முன் கல்லூரியில் படித்ததும் கணிதம். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஜன்னலில் உட்கார்ந்தால் சவுக்கு மரங்களை எண்ணுவேன், சாப்பிட்டால் இட்லியை அல்ல, கடுகை எண்ணுவேன் என்பாள் அவள். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பறித்த பழத்தை எண்ணியாகிவிட்டது. எனக்கென்று எண்ணிக்கொள்ள எழுபது வயதுக்கு மேல் ஒன்று கிடைத்திருந்தது. அது கரடியூருக்குப் போய் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று நினைக்கையில் சோறு இறங்கவில்லை.

எதைப் படமெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தீர்ப்புச் சொல்லப் போகிறவளின் ஜன்ம நட்சத்திரம் கார்த்திகை. மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் அது தலைக்கு மேலே நிற்கும். கண் விழிக்கத் தேவையில்லை. வெறும் கண்ணுக்கு ஆறு மீன்கள். கேமராவைச் சற்று நேரம் திறந்து வைத்தால், அந்த ஆறையும் சுற்றி ஒரு தூசி மேகம் இருப்பது தெரியும். நட்சத்திர வெளிச்சம் பட்டு அது நீலமாக ஒளிரும். உலகத்தில் யார் எடுத்த கார்த்திகையைப் பார்த்தாலும் அந்த நீலம்தான் அதற்கு அழகு.

தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நிமிடத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உண்மை கொஞ்சம், குப்பை நிறைய. நட்சத்திரம் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். குப்பை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் குப்பை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, நட்சத்திரம் நிற்கும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

கற்றுக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர், வீடியோவில். கையில் கொதிக்கும் பாத்திரத்தோடு நிற்கிறவர் போல வேகமாகப் பேசுவார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்தித் திருப்பிக் கேட்பேன். அவர் திரையில் இருக்கும் பொத்தான் என் திரையில் இருக்காது. இருந்தால் அழுத்த முடியாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றும். மழை பிடித்தால் எங்கள் பக்கம் இணையமும் படுத்துவிடும். வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். மனைவி அந்தப் பக்கம் போகும்போது, "பாவமுங்க, அந்த மனுசன் வாய மூடச் சொல்லுங்க, ஈ பூந்துக்கும்" என்பாள்.

மார்கழியில் இரண்டு மாலைகள் வானம் தெளிந்தது. முதல் மாலை நூற்று எண்பத்தெட்டு படங்கள், அடுத்தது இருநூற்று நான்கு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மேகம் புகுந்தவை, காற்றில் ஆடியவை, செயற்கைக்கோள் கோடு கிழித்தவை, வௌவால் பறந்த ஒன்று என ஒதுக்கினேன். அது எனக்குப் பழகிய வேலை. களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையில் கறுப்பையும் உடைசலையும் பொறுக்கித் தள்ளுவது போலத்தான். மென்பொருளே ஒதுக்கிவிடும் என்று வாத்தியார் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு தொலைநோக்கிக் குழாயின் மூடியைப் போட்டு இருட்டைப் படமெடுத்தேன். கேமரா தானாகவே காட்டும் பொய்ப் புள்ளிகளை அதை வைத்துக் கழித்துவிடலாம்.

அடுக்கி முடித்ததும் திரை கன்னங்கரேலென்று வந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்து கிடைத்தது அந்தக் கறுப்பு. அன்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை. ஓட்டல்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கரண்டு போயிருச்சுங்களா?"

கரண்டு இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. வெளிச்சம் எல்லாம் அந்தக் கறுப்புக்குள்ளேயே இருந்தது, அடியில் ஒட்டிக்கொண்டு. அதை மெதுவாக இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் நட்சத்திரமெல்லாம் வெந்து சுண்ணாம்பு உருண்டையாகும். டிகாஷன் இறங்குவது போலத்தான்; மேலிருந்து அழுத்தினால் கசப்பும் சேர்ந்து இறங்கும். கொஞ்சம் இழுத்து, பார்த்து, மறுபடி கொஞ்சம். ஒன்பதாவது இழுப்பில் ஆறு மீன்கள் எழுந்து வந்தன. அவற்றுக்கு நடுவே பொடிப் பொடியாக நான் வாழ்நாளில் பார்த்திராத மீன்கள். நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, படம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஆனால் நான்கு மூலையும் இருட்டு. கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பது போல் இருந்தது. அங்கங்கே தூசியின் நிழல் வட்டங்கள் வேறு, எண்ணினேன், ஏழு. இதற்கும் வாத்தியாரிடம் மருந்து இருந்தது. ஒன்றுமே இல்லாத வெறும் வெள்ளையைப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளையில் எங்கே இருட்டு விழுகிறதோ அது வானத்தின் குற்றமல்ல, குழாயின் குற்றம் என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு படத்தையும் அந்த வெள்ளையால் வகுக்கும். குற்றம் போய் வானம் மிஞ்சும். வகுத்தல் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. காலை வெளிச்சத்தில் குழாயின் வாயில் வெள்ளை டி-ஷர்ட்டைக் கட்டி எடுங்கள் என்றார் வாத்தியார்.

நான் டி-ஷர்ட் போடுகிறவன் அல்ல. என்னிடம் எட்டு முழ வேட்டிகள் ஆறு இருந்தன. அவற்றில் ஆகப் புதியதை, ஆக வெள்ளையானதை எடுத்தேன். இழை தெரிந்துவிடக் கூடாதே என்று நான்காக மடித்துக் குழாயின் வாயில் கட்டினேன். மனைவி துவைத்த வேட்டி. ஒண்டிக்கடையில் நான்கு பேர் கூடி நின்றால் அதில் என் வேட்டிதான் கண்ணைப் பறிக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

மூலை இருட்டுப் போனது. ஏழு வட்டங்களும் போயின. நீலமும் போனது.

அதைத்தான் அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை; முந்தைய படத்தின் இருட்டில் நீலம் இருந்ததா என்று பார்த்திருக்கவும் இல்லை. படம் சமமாக, சுத்தமாக, பழுப்பு மஞ்சளாக வந்தது. நட்சத்திரங்கள் நெய்விளக்கு நிறம். அவற்றைச் சுற்றி நீல மேகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் புகை. மனைவி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, என் நச்சத்தரத்து மேல எதுக்குங்க டிகாஷன ஊத்தி வெச்சிருக்கறீங்க?"

ஓட்டல்காரர் அடுத்த ஞாயிறு பார்த்தார். மஞ்சள் காமாலை என்றார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் சரியாகும் என்று யோசனையும் சொன்னார்.

நான் சேலத்தைச் சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் சமவெளியின் விளக்குகள் சேர்ந்து வானத்தின் அடியில் செம்மஞ்சளாகத் தேய்த்துவிட்டிருக்கும். அந்தக் கறை என் படத்திலும் ஏறியிருக்க வேண்டும். ஓட்டல்காரரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. எங்க ஊர் விளக்கு உங்களை என்ன செய்தது என்று கேட்டார். படத்தில் வெறும் வானமாக உள்ள இடங்களில் புள்ளி வைத்துக் கொடுத்தால் மென்பொருள் அந்த வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். தொண்ணூற்றாறு புள்ளிகள் வைத்தேன். சேலம் கழிந்தது. பின்னணி கறுத்தது. நட்சத்திரங்கள் மஞ்சளாகவே இருந்தன. ஆக, சேலத்தின் மேல் குற்றமில்லை. அடுத்த ஞாயிறு அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு அவர் ஒரு கூடுதல் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நீலத்தை மட்டும் ஏற்றும் வழி உண்டு. ஏற்றினேன். நீலத்தோடு சேர்ந்து மணல் வாரி இறைத்தது போல் புள்ளிகளும் ஏறின. நட்சத்திரங்கள் கத்திரிக்காய் நிறமாயின. இறக்கினேன், பழையபடி டிகாஷன். நிறத்தைத் தானாகவே சரிசெய்யும் பொத்தான் ஒன்றும் இருந்தது. நட்சத்திரப் பட்டியலை எங்கிருந்தோ இணையத்தில் வாங்கி, எப்படி என்று சொல்லாமல், விடையை மட்டும் தரும். வழிமுறை காட்டாத கணக்குக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அதை அழுத்தவில்லை. வறட்டுப் பிடிவாதம் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். இருக்கலாம். நோய் எங்கே என்று தெரியாமல் மருந்து சாப்பிட எனக்குப் பயம்.

தையில் இன்னும் இரண்டு மாலைகள் கிடைத்தன. தொண்ணூற்றேழு, நூற்று ஐம்பத்தொன்று. மொத்தம் அறுநூற்று நாற்பது படங்கள் ஆயின. இந்த நான்கு மாலைகளுக்கும் நடுவே கேமராவை நான் குழாயிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே தூசி போகும், ஈரம் போகும், திரும்ப மாட்டும்போது மரை நழுவும். அலமாரிக்குள் குழாயும் கேமராவும் ஒன்றாகத்தான் படுத்திருந்தன. அந்த நீளத்துக்கு அலமாரிக் கதவைச் சாத்த முடியாமல், இடைவெளியில் அவளுடைய போர்வையைத் திணித்து வைத்திருந்தேன். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

மாசி பிறந்தது. ஒவ்வொரு மாலையும் கார்த்திகை மேற்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டல்காரர் கரடியூரில் தொலைநோக்கி நிற்பதற்கு சிமெண்டில் மேடை போட்டுவிட்டதாக மனைவியிடம் சொன்னாராம். மேலே தகரக் கூரையும் போடுவதாகச் சொன்னாராம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. அவருக்குப் பூஞ்சையைப் பற்றி என்ன தெரியும்?

மாசி முதல் வாரத்தில் ஒரு காலை, வெள்ளைப் படங்களை இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று குழாயைக் கார் ஷெட்டின் கூரைக்கு அடியில் நிறுத்தினேன். மூடுபனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு வேலி தெரியவில்லை. சவுக்கு மரங்களை எண்ணப் பார்த்தேன், இரண்டுக்கு மேல் இல்லை. வேட்டி என்று பார்த்தால், ஆறில் ஒன்று என் இடுப்பில் இருந்தது, மற்ற ஐந்தும் முந்தின நாள் துவைத்துக் கொடியில் ஈரமாகத் தொங்கின. ஈர வேட்டியைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோகும் தைரியம் எனக்கு இல்லை. இடுப்பில் இருந்ததை அவிழ்க்கவும் முடியாது. தெருவில் பால்காரர் வரும் நேரம்.

குழாயைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எரிச்சலுடன் நின்றேன். எதிரே மரம் இல்லை, மலை இல்லை, வானம் இல்லை, விளிம்பு இல்லை. இப்படி ஒரு வெள்ளையை நான் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமே இல்லாத வெறும் வெள்ளை என்று வாத்தியார் கேட்டது இதைத்தானே? துணி எதுவும் கட்டாமல் மூடுபனியையே முப்பது படங்கள் எடுத்தேன். கண்ணாடியில் ஈரம் படியும் என்ற பயம் வேறு. எடுத்ததும் உள்ளே ஓடி அலமாரியில் பல்பின் முன்னால் வைத்தேன்.

அன்று மத்தியானம் மூடுபனியால் வகுத்து அடுக்கினேன். இழுத்தேன். மூன்றாவது இழுப்பிலேயே ஓரத்தில் ஒரு குளிர்ச்சி தெரிந்தது. ஐந்தாவதில் ஆறு மீன்களையும் சுற்றி நீலம் கசிந்து பரவியது. சீவிய பஞ்சு போல, இழை இழையாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. காரணம் தெரியாமல் கிடைத்தது காரணம் தெரியாமல் போய்விடும். மாட்டிய பிறகு ஓட்டல்காரர் வந்து, போன வாரம் மஞ்சள் இந்த வாரம் நீலம், அடுத்த வாரம் பச்சையா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

வெள்ளைப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தேன். மென்பொருளில் எந்த இடத்தில் சுட்டியை வைத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் காட்டும். மூடுபனியில் பச்சை அதிகம், நீலமும் சிவப்பும் ஏறக்குறைய சமம். என் பழைய வேட்டிப் படங்களில் நீலம் பச்சையையே தாண்டி நின்றது. இது காலை வானத்தின் நீலமாக இருக்கலாம் அல்லவா? அதைத் தீர்க்க ஒரே வழி, இரண்டையும் ஒரே மூடுபனியில் எடுப்பது. நான்கு நாள் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மூடுபனி வரவில்லையே என்று கவலைப்பட்டேன். ஐந்தாம் நாள் இறங்கியது. காய்ந்த வேட்டி ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன்.

துணி இல்லாமல் எடுத்தேன். பச்சையை ஐம்பது என்று வைத்துக்கொண்டால் நீலம் நாற்பத்து மூன்று. வேட்டி ஒரு மடிப்பு: நாற்பத்தாறு. நான்கு மடிப்பு: ஐம்பத்தைந்து. எட்டு மடிப்பு: அறுபத்தெட்டு. மடிப்பு ஏற ஏற நீலம் ஏறியது. வானம் அதேதான், குழாய் அதேதான். வேட்டிக்குள்தான் நீலம் இருந்தது.

வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே சுவர் மாடத்தில், எத்தனையோ வருடமாக நான் பார்த்தும் பாராமலும் போன இடத்தில், சொட்டு நீலம் பாட்டில் நின்றது. மனைவி வாளியில் கையைவிட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல எத்தன சொட்டுப் போடுவ?" என்று கேட்டேன்.

"ஆரு எண்ணுனா? கை போற அளவு."

கடுகுவரைக்கும் எண்ணப்படுகிற எங்கள் வீட்டில் எண்ணாமல் விடப்பட்ட ஒரே பொருள் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. விஷயத்தைச் சொன்னேன். இந்த வேட்டியைக் காட்டி இதுதான் வெள்ளை என்று மென்பொருளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அதுவும் நம்பி, இதில் உள்ள நீலத்தைக் குழாயின் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு, வானத்திலிருந்தும் அத்தனை நீலத்தையும் கழுவி ஊற்றிவிட்டது. நான் சிரத்தையாக நான்கு மடிப்பு மடித்ததால் நான்கு மடங்கு கழுவியது.

அவள் கையை உதறிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீலம் போடாம ஒருக்கா தோய்ச்சுக் குடுக்கறேன், கட்டிக்கிட்டு ஒண்டிக்கடைக்குப் போய்ட்டு வாங்க. சலவக்காரனுக்கு உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க. நீலம் இருந்தாத்தானுங்க வெள்ளை."

மனிதக் கண்ணுக்கு அது சரி. கேமராவுக்குக் கண் இல்லை, எண்கள்தான் என்று சொன்னேன். "அப்ப உங்களாட்டந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வாளிக்குள் கையை விட்டாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

இப்போது வேலை கணக்காக நடந்தது. கேமராவைக் கழற்றாமல் வைத்திருந்த என் பயத்துக்கு அன்று பலன் கிடைத்தது. குழாயும் கேமராவும் தூசியும் மார்கழியில் இருந்த இடத்திலேயே இருந்ததால், மாசி மூடுபனியின் வெள்ளை மார்கழிப் படங்களுக்கும் பொருந்தியது. ஒரு மாலையின் படமும் வீணாகவில்லை. அறுநூற்று நாற்பதையும் மறுபடி திறந்து பொறுக்கினேன். நூற்று எழுபத்து மூன்றைத் தள்ளினேன். நானூற்று அறுபத்தேழு நின்றது. ஏழு மணி நாற்பத்தேழு நிமிட வெளிச்சம். இருட்டைக் கழித்து, மூடுபனியால் வகுத்து, அடுக்கி, சேலத்தைக் கழித்து, பன்னிரண்டு சிறு இழுப்புகளாக இழுத்தேன். அவசரப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் இரண்டு முறை கூப்பிட்டதாகப் பிறகு சொன்னாள்.

படம் வந்தது. நடுவில் ஆறு மீன்களும் வெள்ளை வைரமாக. அவற்றைச் சுற்றி நீலம், உள்ளே அடர்த்தியாகவும் வெளியே போகப்போக ஈரத்துணியில் பரவுவது போல மெலிந்தும். மேகத்தில் சீப்பு வைத்து வாரியது போன்ற கோடுகள். பின்னணியில் சின்ன மீன்கள் சில மஞ்சள், சில சிவப்பு. எல்லாம் நீலமாகிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெருமை. ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில் நின்றது. ஒரு பொத்தானும் எனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை. கல்லூரிப் பரீட்சையில்கூட நான் இப்படி ஒரு விடை எழுதியதில்லை. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் தட்டினேன்.

பெரிதாக அச்சடிக்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் தலை சுற்றும். வாரம் இருமுறை சேலம் போய் வருகிறவர் ஒருவர்தான். படத்தைப் பென் டிரைவில் போட்டு ஓட்டல்காரரிடம் கொடுத்தனுப்பினேன். எதற்காக என்று சொன்னேன். மறைத்துக் கொடுப்பது நியாயமல்ல. அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாளும் எனக்குக் கவலை. அச்சடித்ததை மழையில் நனைத்துவிடுவாரோ, மடித்துவிடுவாரோ, வேண்டுமென்றே மறந்துவிடுவாரோ.

ஞாயிறு வந்தார். படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். நான் சட்டம் போடச் சொல்லவில்லை.

"பதினாலாவது வளைவுல வண்டிய ஓரங்கட்டிப் பிரிச்சுப் பாத்தனுங்க" என்றார். "இது நம்மூரு மேலயா இருக்குதுங்க?"

நம் ஊருக்கு மேலேதான், உங்கள் ஓட்டலுக்கும் நேர் மேலேதான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். துவைத்த துணியைப் பார்ப்பது போலவே பார்த்தாள். நேராகப் பிடித்து, சாய்த்துப் பிடித்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக. மூலையில் ஏதாவது இருட்டு மிஞ்சியிருக்குமோ? எட்டாவதாக ஒரு வட்டம் இருந்து நான் எண்ணாமல் விட்டிருப்பேனோ?

"நீலம் கொஞ்சம் தூக்கலுங்க" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆனாத் திட்டு உழுகல. ஒரே சமமாப் புடிச்சிருக்குது. எனக்கே இப்படி வராது."

படத்தை என் கையில் கொடுக்கவில்லை. ஓட்டல்காரரிடம் கொடுத்துவிட்டு, ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஈரச் சுவர், சட்டம் கனம், தாங்குமா என்று கேட்டாள். நானும் ஆட்டிப் பார்த்தேன். தாங்கும் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்துவிடலாம் என்றேன். ஓட்டல்காரர்தான் நாற்காலியில் ஏறி அடித்தார்.

"அப்ப நான் கட்டுன மேடை என்னங்க ஆகறது?" என்று நாற்காலியில் நின்றபடியே கேட்டார்.

"உக்காந்து காப்பி குடிக்கச் சொல்லுங்க வாறவங்கள" என்றாள் மனைவி. "தூள் நம்முளுதுதானே."

அவர் இறங்கி நின்று படத்தைப் பார்த்தார். அவருடைய வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய சுவர் இருக்கிறதாம். அதற்கும் இதே போல் ஒன்று, இன்னும் பெரிதாகச் செய்து தர முடியுமா என்று என்னைக் கேட்டார். அவருடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். திருவாதிரை என்றார். அது ஒற்றை மீன், செக்கச் சிவப்பு, நீலமே கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போது என்னிடம் ஏழு வேட்டிகள். ஏழாவதற்கு நீலம் கிடையாது. மூடுபனி வராத காலைகளுக்காக, குழாயின் வாயில் கட்ட. கொடியில் ஐந்து வெள்ளைக்கு ஓரத்தில் அது பழுப்பாகத் தொங்குகிறது. தெருவில் போகிறவர்கள் அதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். என் மனைவிக்கு அதில் மானம் போகிறது. அவர்களுக்குக் கேட்கும்படியாகவே, "அது அவருதில்லீங்க, நச்சத்தரத்துது" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.